கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டன் வரை: பழைய கால்வாய்க் கரையில் சைக்கிள் பயணம் செய்வது எப்படி?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பொட்டோமாக் ஆற்றை ஒட்டியபடியே, கம்பர்லாந்து என்னும் மலையடிவார நகரத்திலிருந்து தலைநகர் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதி வரை ஒரு பழைய கால்வாயும் அதன் கரையில் ஒரு மண்பாதையும் செல்கின்றன. செசபீக்–ஒஹையோ கால்வாய் என்பது அதன் முழுப்பெயர்; சி அண்ட் ஓ என்றுதான் அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். கோவேறு கழுதைகள் கரையில் நடந்தபடி கயிற்றால் படகுகளை இழுத்துச் சென்ற பாதையே இன்று நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் பயன்படுத்தும் பாதை. அதன் நீளம் 184.5 மைல், அதாவது ஏறத்தாழ 297 கிலோமீட்டர். இவ்வளவு தொலைவுக்கும் சேர்த்து மட்ட வேறுபாடு 605 அடிதான் என்பதால், ஏற்றம் மிதிக்கும் வலிமையைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. இந்தப் பாதையில் ஒருவரைச் சோதிப்பவை சேறு, குடிநீர், தவறாகப் போட்ட வேகக் கணக்கு ஆகிய மூன்றுதான். தார்ச்சாலையில் ஒரு நாளில் நூறு கிலோமீட்டர் போகிறவர்கூட இங்கே ஐம்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

பாதையின் இயல்பைப் புரிந்துகொள்ள அதன் வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1828 ஜூலை 4 அன்று குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் முதல் மண்ணை வெட்டிப் பணியைத் தொடங்கிவைத்தார். அதே நாளில் பால்டிமோரில் பால்டிமோர்–ஒஹையோ ரயில்பாதைக்கும் தொடக்க விழா நடந்தது. ரயில் 1842இல் கம்பர்லாந்தை எட்டிவிட்டது. கால்வாய் 1850இல்தான் அங்கே வந்து சேர்ந்தது, பெயரில் இருக்கும் ஒஹையோ ஆற்றைக் கடைசிவரை எட்டவே இல்லை. பந்தயத்தில் தோற்ற பிறகும் முக்கால் நூற்றாண்டு காலம் கம்பர்லாந்தின் நிலக்கரியை அது தலைநகருக்குச் சுமந்தது. 1889ஆம் ஆண்டு வெள்ளம் கால்வாய் நிறுவனத்தை ரயில் நிறுவனத்தின் பிடியில் தள்ளியது. 1924ஆம் ஆண்டு வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றுபோனது. 1938இல் மத்திய அரசு கால்வாயை விலைக்கு வாங்கியது. பின்னாளில் அதன்மேல் மோட்டார் சாலை போடலாம் என்ற திட்டம் எழுந்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954 மார்ச்சில் பத்திரிகையாளர்களையும் இயற்கை ஆர்வலர்களையும் அழைத்துக்கொண்டு கம்பர்லாந்திலிருந்து நடந்தே வாஷிங்டன் வந்தார். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971இல் இது தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. ஆக, கழுதையின் நடை வேகத்துக்காக அமைக்கப்பட்டு, நடந்து காப்பாற்றப்பட்ட பாதை இது. இன்றும் சைக்கிளுக்கு மணிக்கு 15 மைல்தான் வேக வரம்பு. நடைமுறையில் அதில் பாதியை எட்டினாலே நன்றாகப் போகிறோம் என்று பொருள்.

எந்தத் திசையில் போவது என்பதுதான் முதலில் முடிவு செய்ய வேண்டியது. கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டன் நோக்கி வருவதையே பரிந்துரைப்பேன். சரிவு அவ்வளவு குறைவு என்பதால் இறக்கத்தில் உருண்டு வரும் சுகமெல்லாம் கிடைக்காது. ஆனால் 74 லாக்குகளையும் மேலிருந்து கீழாகக் கடக்கலாம். இரு முனையிலும் கதவு வைத்த கல்தொட்டிக்குள் படகை நிறுத்தி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் அமைப்புதான் லாக். ஒவ்வொன்றின் அருகிலும் பாதை ஏறக்குறைய எட்டு அடி சட்டென்று சரியும். சுமை ஏற்றிய சைக்கிளில் அந்தச் சரிவை ஏறுவதைவிட இறங்குவது இதமானது. அதைவிட முக்கியமான காரணம் ரயில். வாஷிங்டன் யூனியன் நிலையத்திலிருந்து சிகாகோ செல்லும் ஆம்ட்ராக் ரயில் மாலையில் கம்பர்லாந்தில் நிற்கிறது. சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் அடைக்காமல் அப்படியே ஏற்றிக்கொள்ளவும் இடமுண்டு. ஆனால் சைக்கிளுக்கான இடங்கள் மிகச் சில என்பதால், பயணச்சீட்டோடு சேர்த்து அதற்கும் முன்பதிவு செய்தாக வேண்டும். தேதியை முடிவு செய்துவிட்டு ரயிலைத் தேடாதீர்கள். சைக்கிள் இடம் கிடைக்கும் தேதியைப் பார்த்துப் பயணத்தை அமையுங்கள். இரவைக் கம்பர்லாந்தில் கழித்துவிட்டு, மறுநாள் காலை நிலையத்திலிருந்து சிறிது தொலைவில் உள்ள பாதையின் தலைப்பில் தொடங்கலாம்.

காலத்தைப் பொறுத்தவரை ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் ஆற்றங்கரைப் புழுக்கமும் கொசுவும் தாங்காது. நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை முகாமிடங்களின் அடிபம்புகளிலிருந்து கைப்பிடிகளைக் கழற்றிவிடுவார்கள் என்பதால் அந்த மாதங்களில் தண்ணீர் பெரும் பிரச்சினை. அக்டோபரில் இலைகளின் நிறம் அழகுதான், ஆனால் உதிர்ந்த இலைகள் பாதையில் புடைத்து நிற்கும் மரவேர்களை மூடி மறைத்துவிடும். இலைக்குவியலின்மேல் வேகமாகப் போகக் கூடாது.

இனி சைக்கிள். பல பகுதிகளில் பொடித்த கல்லைப் பரப்பிப் பாதையைச் செப்பனிட்டிருக்கிறார்கள். மற்ற இடங்களில் பழைய களிமண்தான். காய்ந்திருக்கும்போது அது சிமெண்டுத் தரைபோல இறுகியிருக்கும். ஒருநாள் மழை பெய்தால் நடுவில் புல் வரிசை, இரு புறமும் தண்ணீர் தேங்கிய தடம் என்று ஆகி, சக்கரத்தை எதில் விட்டாலும் வழுக்கும். ஆகவே மெலிந்த டயர் கொண்ட பந்தய சைக்கிள் உதவாது. 38 முதல் 45 மில்லிமீட்டர் அகல டயர் போட்ட, முன்னும் பின்னும் கேரியர் பொருத்தக்கூடிய, சாதாரணமான உறுதியான சைக்கிள் போதும். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இடைவெளி குறைந்தால் களிமண் உள்ளே ஏறி, இலையும் சருகும் சேர்ந்து அடைத்து, சக்கரம் சுற்றவே சுற்றாது. பிறகு நூறு மீட்டருக்கு ஒருமுறை இறங்கிக் குச்சியால் குத்தி எடுக்க வேண்டியதுதான். ரிம்மைப் பிடிக்கும் பழைய வகைப் பிரேக் என்றால், ஈர மணல் ரப்பரைத் தேய்த்துத் தின்றுவிடும். ஒரு ஜோடி பிரேக் கட்டை கூடுதலாக வைத்திருக்க வேண்டும். இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு, செயின் எண்ணெய், செயின் இணைப்புக் கண்ணி ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. பலரும் மறப்பது பின்பக்கக் கியரைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு உலோகத் துண்டை. கீழே கிடக்கும் சுள்ளி எகிறிக் கியருக்குள் சிக்கினால் முதலில் முறிவது அதுதான். சைக்கிளுக்கு சைக்கிள் அதன் வடிவம் மாறும் என்பதால் வழியில் உள்ள கடைகளில் பொருத்தமானது கிடைக்கும் என்று நம்ப முடியாது. பெல் கட்டாயம்.

நாள் கணக்கு இனி. மைல்கற்கள் ஜார்ஜ்டவுனில் பூஜ்யத்தில் தொடங்குவதால், கம்பர்லாந்திலிருந்து வருகிறவர்களுக்கு எண்கள் குறைந்துகொண்டே வரும். அவசரமில்லாத ஆறு நாள் பயணத்துக்குக் கீழ்க்காணும் பிரிவு சரியாக வரும். முதல் நாள் மைல் 154.1இல் உள்ள சாரல் ரிட்ஜ் முகாம் வரை 49 கிலோமீட்டர். இரண்டாம் நாள் மைல் 120.6இல் உள்ள லிட்டில் பூல் வரை 54. மூன்றாம் நாள் மைல் 90.9இன் ஒபெக்கன் ஜங்ஷன் வரை 48. நான்காம் நாள் மைல் 62.9இல் உள்ள ஹக்கிள்பெரி ஹில் வரை 45. ஐந்தாம் நாள் மைல் 26.1இல் உள்ள ஹார்ஸ்பென் பிராஞ்ச் வரை 59. கடைசி நாள் 42. ஐந்தாம் நாள் சற்று நீளம். விருப்பப்படாதவர்கள் மைல் 38.2இல் உள்ள மார்பிள் குவாரியில் தங்கிவிட்டு மறுநாள் கூடுதலாக மிதிக்கலாம். நான்கு நாளில் முடிக்கிறவர்கள் நிறையவே உண்டு. அவர்கள் பார்ப்பதெல்லாம் தங்கள் முன்சக்கரத்தைத்தான் என்பது என் எண்ணம். நிலக்கரிப் படகுகளுக்கே இந்தத் தொலைவுக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆனது.

மேலே சொன்ன முகாமிடங்கள் அனைத்தும் நடப்போருக்கும் சைக்கிளில் வருவோருக்கும் மட்டுமே உரியவை. சராசரியாக ஐந்து முதல் ஏழு மைலுக்கு ஒன்று வீதம் முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, முதலில் வந்தவருக்கு முதலிடம். ஓர் இடத்தில் ஓர் இரவுதான் தங்கலாம். மேசை, தீ மூட்டும் வளையம், தற்காலிகக் கழிவறை, அடிபம்பு ஆகியவை இருக்கும். ஊர்களில் உள்ள விடுதிகளிலோ, லாக் காவலர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த பழைய வீடுகளில் வாடகைக்கு விடப்படும் சிலவற்றிலோ தங்கவும் வழியுண்டு. அவற்றுக்கு முன்பதிவு வேண்டும். முகாமில் கூடாரம் போடுகிறவர்கள் ஒன்றை எதிர்பார்த்திருக்க வேண்டும். கால்வாயோடு போட்டியிட்ட ரயில் இன்றும் ஆற்றோரத்தில் ஓடுகிறது. இரவு முழுவதும் சரக்கு ரயில்கள் ஊதிக்கொண்டே போகும். காதடைப்பான் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டால் நல்ல தூக்கம் கிடைக்கும்.

அடிபம்பில் வரும் தண்ணீரை அயோடின் கலந்து சுத்திகரிக்கிறார்கள். குடிக்கலாம், ஆனால் நிறமும் வாடையும் சற்று உறுத்தும். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பரிசோதனையில் தேறாத பம்புகளின் கைப்பிடியைப் பருவத்தின் நடுவிலும் கழற்றிவிடுவார்கள். ஆகவே அடுத்த முகாமில் பம்பு இருக்கிறது என்று வரைபடம் சொன்னாலும், கையிலுள்ள புட்டிகளைக் காலியாக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேரக் கூடாது. கிளம்பும் முந்தின நாள் பூங்காவின் இணையதளத்தில் பம்புகளின் நிலையையும் மூடப்பட்ட பகுதிகளையும் பார்த்துவிட வேண்டும். மூன்று லிட்டர் எப்போதும் சைக்கிளில் இருக்கட்டும். ஒரு வடிகட்டியும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆற்றுநீரும் கால்வாயில் தேங்கிய நீரும் வேறு வழியே இல்லாதபோது மட்டும். எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் கையிருப்பில் இருந்தால் அயோடின் வாடை தெரியாது, வியர்வையில் போன உப்புக்கும் ஈடாகும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கம்பர்லாந்துக்கும் ஹான்காக்குக்கும் இடைப்பட்ட அறுபது மைலில்தான் கவனம் தேவை. அங்கே கடை என்று சொல்லத்தக்கவை மிகக் குறைவு. இருப்பவையும் திறந்திருக்கும் என்று நம்பிப் போக முடியாது. கைப்பேசித் தொடர்பும் அந்தப் பகுதியில் அடிக்கடி அறுந்துபோகும், ஆகவே காகித வரைபடம் வேண்டும். இரண்டு முழு நாளுக்கான உணவைக் கம்பர்லாந்திலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். கெட்டி அவலைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்துப் புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் அடுப்பே வேண்டாம். பருப்புப் பொடியும் சிறு புட்டி நல்லெண்ணெயும் எடையில் ஒன்றுமில்லை. வாஷிங்டன் வட்டாரத்தில் தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள், இவற்றை அங்கேயே வாங்கிவிடலாம். உணவுப் பையை இரவில் கூடாரத்துக்குள் வைக்காமல் மரக்கிளையில் உயரக் கட்டித் தொங்கவிட வேண்டும். ரக்கூன்கள் பூட்டிய பையைக்கூடத் திறந்துவிடும். பூங்காவில் குப்பைத்தொட்டிகள் கிடையாது, நம் குப்பையை நாமேதான் ஊர்வரை சுமக்க வேண்டும்.

முதல் நாளின் முடிவில் வருவது பா பா சுரங்கம். ஆறு இங்கே பல முறை வளைந்து செல்வதால், ஆறு மைல் வளைவைத் தவிர்க்க மலையைக் குடைந்து 3,118 அடி நீளத்துக்குச் சுரங்கம் போட்டார்கள். 1836இல் தொடங்கிய வேலை இரண்டாண்டில் முடியும் என்று கணக்கிடப்பட்டது. பணமுடையாலும், தொழிலாளர் கலவரங்களாலும், பாறையின் கடினத்தாலும் இழுத்துக்கொண்டே போய் 1850இல்தான் முடிந்தது. உட்புறம் முழுக்கச் செங்கல், அறுபது லட்சத்துக்கும் மேல். வெளியே வெயில் எரித்தாலும் உள்ளே குளிர்ந்து, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். ஒருபுறம் சுவர், மறுபுறம் மரக் கைப்பிடி, அதற்கப்பால் கால்வாயின் கறுத்த நீர். பாதையோ குண்டும் குழியுமான ஒடுங்கிய திட்டு. சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் அப்படித்தான் போக முடியும். கைப்பிடியில் மாட்டும் விளக்கு போதாது, தலையில் கட்டும் விளக்கு வேண்டும், அப்போதுதான் கால் வைக்கும் இடம் தெரியும். எதிரே வெளிச்சம் வந்தால் நின்று ஒதுங்கி வழிவிடுங்கள். சுரங்கத்தைத் தாண்டியதும் வரும் நான்கு லாக்குகளின் எண்களைப் பாருங்கள்: 66, 64⅔, 63⅓, 62. லாக் 65 என்று ஒன்று கிடையாது. மேலே உள்ளவற்றுக்கு எண் கொடுத்தாகிவிட்ட பிறகு, கட்டவேண்டிய லாக்குகளில் ஒன்றைக் குறைத்ததால் வந்த கணக்கு இது.

இரண்டாம் நாள் மழை பெய்தால் கவலை வேண்டாம். லிட்டில் ஆர்லியன்ஸிலிருந்து ஹான்காக் வழியாக பிக் பூல் வரை, பழைய ரயில்பாதையைத் தார் போட்டு மாற்றிய வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் தடம் கால்வாய்க்கு இணையாகச் செல்கிறது. சேறாக இருந்தால் அதில் ஏறிவிடுங்கள். வௌவால்கள் தங்கும் இண்டிகோ சுரங்கத்தை அடைத்துவைத்திருப்பதால், அந்தச் சிறு பகுதியில் மட்டும் மறுபடி கால்வாய்க் கரைக்கு இறங்கியாக வேண்டும். ஹான்காக்கில் கடை, சைக்கிள் பழுதுபார்ப்பு, சூடான சாப்பாடு எல்லாம் உண்டு.

வில்லியம்ஸ்போர்ட்டில் ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். கானகாச்சீக் ஓடையின் மேலே கால்வாயையே தூக்கிக்கொண்டு போகும் கற்பாலம் அங்கே இருக்கிறது. 1920இல் அதன் ஒருபக்கச் சுவர் இடிந்து, ஒரு படகு தண்ணீரோடு ஓடையில் விழுந்தது. 2019இல்தான் பாலத்தைச் சீராக்கி மறுபடியும் நீர் நிரப்பினார்கள். இப்படிப்பட்ட நீர்ப்பாலங்கள் வழியில் பதினொன்று இருக்கின்றன. எல்லாவற்றிலும் இறங்கித் தள்ளிக்கொண்டே கடக்க வேண்டும். வில்லியம்ஸ்போர்ட்டுக்குக் கீழே மைல் 88 அளவில் தொடங்கும் பிக் ஸ்லாக்வாட்டர் பகுதியில் கால்வாயே கிடையாது. செங்குத்துப் பாறை ஆற்றை நெருக்கி நிற்பதால், அணை கட்டித் தேக்கிய ஆற்றிலேயே படகுகளை விட்டு, பாறை விளிம்பில் கழுதைகளை நடத்தினார்கள். வெள்ளங்களில் சிதைந்துபோன அந்த விளிம்புப் பாதை 2012இல் மறுபடி திறக்கப்பட்டது. பயணம் முழுவதிலும் மிக வழவழப்பான தளம் இதுதான். ஆனால் ஈரத்தில் வழுக்கும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஷெப்பர்ட்ஸ்டவுனுக்கு அருகில் 1862 செப்டம்பர் 17 அன்று நடந்த ஆண்டியட்டம் போரின் களத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் அரைநாள் ஒதுக்க வேண்டும். போகும் சாலையில் மேடுகள் உண்டு. மறுகரையில் உள்ள ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்னும் ஊருக்குப் போக ஆற்றுக்கு மேலே ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாலம் இருக்கிறது, ஆனால் அதற்கு இரும்புப் படிக்கட்டில் ஏறியாக வேண்டும். சுமை ஏற்றிய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறுவது வீண் சிரமம். துணைக்கு ஆள் இருந்தால் ஒருவர் மாற்றி ஒருவர் கீழே காவலுக்கு இருக்கலாம், இல்லையென்றால் நல்ல பூட்டு வேண்டும். அங்கிருந்து சுமார் மூன்று மைலுக்கு அப்பலாச்சியன் நெடுநடைப் பாதையும் இதே கரையில்தான் வருகிறது. பெரிய மூட்டையோடு நடப்பவர்களைப் பார்த்தால் பெல் அடித்து மெதுவாகக் கடந்து செல்லுங்கள். பிரன்ஸ்விக்கில் சாமான் வாங்கிக்கொண்டால் கடைசிவரை போதும். மைல் 42.2இல் வரும் மொனாக்கசி நீர்ப்பாலம் ஏழு வளைவுகளோடு 516 அடி நீளத்துக்கு நிற்கிறது. அதன் முழு உருவமும் மேலே நடக்கையில் தெரியாது. கீழே கரைக்கு இறங்கிப் பார்க்க வேண்டும்.

உடல் பாதுகாப்பில் இரண்டு விஷயங்கள் மட்டும் இந்தக் காட்டுக்கே உரியவை. மூன்று இலைகளாகச் சேர்ந்து கொடியாகவும் புதராகவும் வளரும் பாய்சன் ஐவி தோலில் பட்டால் நாள்கணக்கில் அரித்துக் கொப்புளிக்கும். பட்டதாகத் தோன்றினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மான் உண்ணி எள்ளைவிடச் சிறிதாகவும் இருக்கும், லைம் நோயைப் பரப்பும். தினமும் மாலையில் முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்புப் பட்டி பதியும் இடம், காதின் பின்புறம் எல்லாம் தடவிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். செப்டம்பரில் வருகிறவர்களுக்கு ஆறுதலாக ஒன்று உண்டு. சுரங்கத்துக்குப் பெயர் தந்த பா பா மரம் கரை நெடுகிலும் நிற்கும். அது நம் சீத்தாவின் குடும்பத்தைச் சேர்ந்தது, கனிந்த பழத்தின் சதையும் வாசனையும் அதை அறிவிக்கும்.

கடைசி நாளை வாரநாளாக அமைத்துக்கொள்ளுங்கள். மைல் 14.3இல் கிரேட் ஃபால்ஸ் அருவியருகே சனி, ஞாயிறுகளில் குழந்தைகளும் நாய்களுமாகக் கூட்டம் நெரியும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும். ஃப்ளெட்சர்ஸ் கோவ் அருகே பக்கத்திலேயே கேப்பிட்டல் கிரசன்ட் தார்ப்பாதை வரும். களைத்தவர்கள் அதில் ஏறி ஜார்ஜ்டவுன் வரை சுலபமாக வரலாம். பூஜ்ய மைல்கல்லைப் பலர் பார்க்காமலேயே போய்விடுகிறார்கள், ஏனென்றால் ஜார்ஜ்டவுனில் கால்வாய் ராக் கிரீக் ஓடையில் கலந்துவிடுகிறது, பாதையும் தெருக்களுக்குள் மறைந்துபோகிறது. ஓடையோரமாகவே ஆற்றை நோக்கி இறங்கி, தாம்சன் படகுக் கூடத்தின் பின்பக்கம் சென்றால், படகுகள் பொட்டோமாக் ஆற்றுக்குள் நுழைந்த கடைசி லாக்கின் அருகில் அது இருக்கும். அங்கிருந்து யூனியன் நிலையத்துக்கு நேஷனல் மால் வழியாகவே போய்விடலாம். ரயிலிலோ காரிலோ ஏற்றுவதற்கு முன், செயினிலும் பிரேக்கிலும் ஒட்டிய களிமண்ணை நீர் ஊற்றித் துடைத்து எண்ணெய் விடுங்கள். உள்ளே காய்ந்த பிறகு அதை எடுக்க முழு சைக்கிளையும் கழற்ற வேண்டிவரும்.